எது தப்போ, அதை மட்டும்

1

இந்தக் கதை எனக்குக் கண்ணாடிக்கடையில் கிடைத்தது. கிழக்குத் தாம்பரத்தில் எனக்குப் பவர் பார்த்த ஜெயசீலி, எழுத்துகளை வாசிக்கச் சொல்லிவிட்டு நடுநடுவே தன் கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பைப் பற்றிப் புலம்பினாள். கண்ணாடி சரியாக அமையவில்லை. கதை அமைந்துவிட்டது.

முதல் வரி இப்படி இருந்தது: அந்தி வெயில் மாதா கோயில் கோபுரத்தில் பொன்னாக

(வேண்டாம். அவள் கிடார் வாசிக்கும் ஊரப்பாக்கம் கோயிலுக்குக் கோபுரம் இன்னும் எழும்பவில்லை. தகரக் கொட்டகைதான்.)

2

ஜெயசீலியிடம் கண்ணாடி வால்வுகள் எரியும் பழைய ஆம்ப் ஒன்று இருக்கிறது. கம்பெனி கொடுத்த சுத்தமான சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தானே பிரித்து நாலைந்து உறுப்புகளை மாற்றிப் போட்டாள். குமிழைத் திருகினால் கிடார் லேசாக உறுமும். அந்த உறுமலுக்குத்தான் இத்தனை பாடும். ஆனால் ஒரு மாதமாக, பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு எடுத்தால் உறுமல் வருவதில்லை. தகர டப்பாவில் ஆணியைப் போட்டு ஆட்டுகிற கறகறப்புதான் வருகிறது. பாடகர் குழுத் தலைவர் சவுரிமுத்து கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு ஞாயித்துக்கெழம இப்படி ஆச்சுன்னா கீபோர்டு மட்டும் போதும்மா. நீ சும்மா வந்து பாடு."

பதினெட்டு வருஷமாக வாசிக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

3

பொழிச்சலூர் மெக்கானிக் குமரவேல் ஆம்ப்பின் மூடியைத் திறந்து, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் ஓடவிட்டான். சுத்தமாகப் பாடியது.

"இங்க நல்லாத்தான் கீது. நீ நோண்டுனதுதான்க்கா பேஜாரு. எல்லாத்தையும் கழட்டிட்டு கம்பெனி போட்ட மாதிரியே மாட்டிடலாம்."

"நோண்டுனதுல எது தப்புன்னு சொல்லு. அத மட்டும் கழட்டுறேன்."

அவன் ஸ்க்ரூடிரைவரால் மொத்தத்தையும் வட்டம் போட்டுக் காட்டினான். ஆம்ப்பைத் தூக்கி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

(என் முதல் வரைவில் பழுதைக் குமரவேல்தான் கண்டுபிடித்தான். ஜெயசீலி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "நாலு நாள் மண்டைய ஒடைச்சிக்கிட்டது நான். நீங்க அவனுக்குத் தூக்கிக் குடுக்குறீங்களே சார்." வெட்கமாகப் போயிற்று. கிழித்துப் போட்டேன்.)

4

கடையில் சரி, வீட்டிலும் சரி. கோயிலில் மட்டும் ஏன்? கோயிலில் இருக்கிற, வீட்டில் இல்லாத பொருள் எது என்று யோசித்தாள். துணி. பீடத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக எரிகிற வால்வுகள் வெறுமனே தெரியக் கூடாது என்று, பீடம் அலங்கரிக்கும் புஷ்பம் அக்கா போன மாதம் லேஸ் வைத்த வெல்வெட் உறை தைத்து மூடியிருந்தார். மாதா சொரூபத்துக்கு எடுத்த துணியில் மிச்சம். அதை விலக்க யாருக்கும் மனசு வரவில்லை, ஜெயசீலிக்கும்தான்.

வீட்டில் ஆம்ப்பை ஓடவிட்டு, மேலே ஒரு போர்வையைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒரு பிரசங்க நேரம், இருபத்தைந்து நிமிடம். தந்தியைத் தட்டினாள். கறகற.

போர்வையை வீசிவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தாள். அவள் மாற்றிப் போட்ட உறுப்புகளில் ஒன்றான கண்டென்சர், சூடேறியதும், தடுக்க வேண்டிய வோல்டேஜைக் கசியவிட்டு அடுத்த வால்வைத் திணறடித்தது. பல்லாவரம் சந்தையில் வாங்கிய பழைய ரேடியோவிலிருந்து அவளே பிடுங்கியது. தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள். அதை மட்டும் கழற்றிப் புதிதாக ஒன்றைப் பற்றவைத்தாள். மற்ற எதையும் தொடவில்லை.

("கதையில் கரண்ட் ஜாஸ்தி, அடைப்புக்குறி எல்லாத்தையும் எடுத்துடு" என்றான் நண்பன் பரணி. எது தப்பு என்று சொல், அதை மட்டும் எடுக்கிறேன் என்றேன்.)

5

ஞாயிற்றுக்கிழமை உறையை மடித்துப் புஷ்பம் அக்கா கையில் கொடுத்தாள். "இதுக்குக் காத்து வேணும்க்கா." பிரசங்கம் முடிந்தது. காணிக்கைப் பாட்டில் சத்தம் சுத்தமாக வந்தது. சவுரிமுத்து சிரித்தபடி அவள் பக்கம் குனிந்தார்.

"இப்படியே வச்சுக்கம்மா. இது போதும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் இரண்டாவது சரணத்தில் ஜெயசீலி குமிழைத் திருகினாள். எந்த உறுமலுக்காக ஆம்ப்பைப் பிரித்தாளோ, அந்த உறுமல் தகரக் கூரை வரைக்கும் எழுந்தது. சவுரிமுத்துவின் கை மேலே போனது.

முடிவு அ: அந்தக் கை தாளம் போட

முடிவு ஆ: அந்தக் கை பிளக்கைப் பிடுங்கி

(இரண்டையும் அடித்துவிட்டேன்.)

அந்தக் கை என்ன செய்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மட்டும் அவளிடம் போகாதீர்கள். ஏழு வரைவில் நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஏழிலும் இன்னும் கொஞ்சம் ஏற்றித்தான் வைத்தாள்.