கையொப்பம் இல்லாத பதில்

இவ்வாண்டு மார்ச்சு மாதம் பதினோராம் நாள், என் மகனுடைய இணைய முகவரி எங்களைக் கேளாமல் வேறொருவருக்கு விற்கப்பட்டது. இதுவே என் புகார். முறைப்படி நினைவூட்டல்கள் அனுப்பியதாகவும், எவரும் பதில் தரவில்லை என்றும் விற்ற நிறுவனம் சொல்கிறது. இறந்துபோனவனுடைய மின்னஞ்சலுக்குக் கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதற்குக் கேட்டல் என்று பெயரா?

அன்று காலையில் இவ்விவரம் எதுவும் எங்களுக்குத் தெரியாது. சமையலறைச் சுவரிலுள்ள சிறு திரையில் வழக்கமான பச்சை வரி வரவில்லை. அது மட்டுந்தான் தெரியும்.

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில், சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடும் சர்வர், மகன் அமைத்தது. குடும்பப் படங்கள், வாசல் கேமராவின் பதிவுகள், என் மனைவி கேட்கும் பாட்டுகள் யாவும் அதற்குள் இருக்கின்றன. அவள் அதற்குச் ‘சின்னவன்’ என்று பெயரிட்டிருந்தாள். “சின்னவன் சூடா இருக்கான், ஃபேனைப் போடுங்க” என்பாள். எங்களுக்கு ஒரே மகன். ஆகவே பெரியவன் யார் என்பதை எவரும் கேட்டதில்லை.

சின்னவன் விடியற்காலையில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வான். லினக்ஸ் வழங்குவோரின் மென்பொருள் களஞ்சியங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் புதிதாக ஏதேனும் உண்டா என்று கேட்பான். கடைசியாக மகனுடைய முகவரிக்குப் போவான். எங்கள் வீட்டுக்கென்றே எழுதிய சிறு நிரல்களை மகன் அங்கே வைத்திருந்தான். எல்லா இடங்களிலிருந்தும் முறையான பதில் வந்துவிட்டால், திரையில் “அம்மா, எல்லாம் சரியாக இருக்கு” என்று பச்சையில் தோன்றும். எழுத்து வழக்கில் தொடங்கிப் பேச்சு வழக்கில் முடியும் அவ்வாக்கியத்தைத் திருத்துமாறு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். “இது என்ன பரீட்சைப் பேப்பராப்பா? மார்க் போடாதீங்க” என்று சிரித்துவிட்டுப் போவான்.

சாலை விபத்தில் அவன் இறந்தது போன ஆண்டின் தொடக்கத்தில். முகவரிக்குரிய தவணை முடியாமல் இருந்ததால், அதன் பிறகும் சின்னவன் அங்கே போய்வந்துகொண்டிருந்தான். புதிதாக எதுவும் இல்லை என்னும் பதில், மகன் முன்பே இட்டுவைத்திருந்த மின்கையொப்பத்தோடு நாள்தோறும் வந்தது. பச்சை வரியும் வந்தது. அதைப் பார்த்த பிறகே என் மனைவி அடுப்பைப் பற்றவைப்பாள். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை.

அன்று சிவப்பில் வந்தது: புதுப்பிக்க முடியவில்லை.

“என்னங்க, சின்னவனுக்கு என்னமோ ஆயிடுச்சு” என்றாள், அடுப்பின் முன் நின்றபடியே.

இணைய இணைப்புக்காரரை அழைத்தேன். “லைன் பக்காவா இருக்கு சார். உங்க பெட்டிதான் மக்கர் பண்ணுது” என்றார். கணினிக் கடைக்காரரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அதைத் திறக்கக்கூட இல்லை. “வயசாயிடுச்சு சார் இதுக்கு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க.”

“வயசானதை எல்லாம் தூக்கிப் போடணும்னா, மொதல்ல என்னையில்ல போடணும்?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பிழைச் செய்திகளை அச்சிட்டுச் சிவப்பு மையோடு உட்கார்ந்தேன். சேமிப்பு வட்டில் இடம் இருந்தது. கடிகாரம் சரியாக ஓடியது. களஞ்சியங்கள் யாவும் பதில் தந்திருந்தன. கடைசி முகவரியிலிருந்தும் ஏதோ வந்திருந்தது. ஆனால் அது கையொப்பமிட்ட கோப்பு அன்று என்று சின்னவன் மறுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் வந்தாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இப்போது தன் பெற்றோருடன் இருக்கிறாள். நான் கோடிட்ட வரியைப் பார்த்தாள். தன் மடிக்கணினியில் அந்த முகவரியைத் தட்டினாள். திரையில் பல் தெரியச் சிரிக்கும் ஓர் இளைஞன் வந்தான். காலில் வெள்ளைக் காலணி. பாதி விலையாம்.

“யாரு இவன்?” என்றாள் என் மனைவி.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கும்ல? அதைக்கூடப் பாக்கலையா நீ? இத்தனைக்கும் இதுலதானே வேலை பாக்குற!”

மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவரோட மெயில் என் போன்லதான் இருக்கு மாமா. இன்னும் வந்துகிட்டேதான் இருக்கு. படிக்காததோட நம்பர் ஏறிகிட்டே போகுது. திறக்கணும்னு கை போகும். முடியல.”

என் மனைவி அவள் முதுகில் கையை வைத்தாள், எடுக்கவில்லை.

சற்று நேரங்கழித்து மருமகள் விளக்கினாள். “ஒரு இடத்துல தப்பு வந்தாலும் எதையும் தொடாதேன்னு எழுதி வெச்சிருக்கார். பயந்தாங்கொள்ளி. அதான் மொத்தமா நின்னுபோச்சு. இப்படியே புதுப்பிக்காம விட்டா ஓட்டை விழும். வாசல் கேமராவை யாரோ எவரோ பாப்பாங்க. இந்தக் கடைசி முகவரியை எடுத்துட்டா மத்ததெல்லாம் ஓடும்.”

“எடுத்துட்டா அவன் எழுதினதெல்லாம்?”

“ஏற்கெனவே வந்தது இருக்கும் அத்தை. புதுசா எதுவும் வராது.”

“அவன்கிட்டேருந்து புதுசா என்னம்மா வரப்போகுது” என்ற என் மனைவி, ஈரமே இல்லாத மேடையைத் துணியால் துடைத்தாள். துடைத்து முடித்தபின், “ஆனா இவன் தினம் போய்க் கேக்குறான்ல? கேக்குறதை மட்டும் நிறுத்திடாதே” என்றாள்.

மருமகளின் விரல் விசையின்மேல் நின்றது. பிறகு அவள் முகவரியைத் தொடாமல் வேறிடத்தில் மாற்றினாள்: அந்த ஒரு கதவு திறக்காவிட்டாலும் மற்ற வேலைகள் நடக்க வேண்டும்.

“அங்கேருந்து கண்டவன் எதையாவது குடுத்து அனுப்பிட்டா?” என்றேன்.

“அவர் கையெழுத்து இல்லேன்னா இது எதையும் வாங்காது மாமா.”

“நம்ம சின்னவன் ஆச்சே” என்றாள் என் மனைவி.

வரிகள் ஓடின. தேங்கிக் கிடந்தவை யாவும் இறங்கின. கடைசியில் மகனுடைய முகவரி வந்தது, மறுப்பும் வந்தது, பெட்டி அதைக் கடந்துபோய்த் தன் வேலையை முடித்தது.

“அத்தை, அந்தப் பச்சை வரி? எல்லா எடத்துலேருந்தும் பதில் வந்தாத்தான் வரும்னு வெச்சிருக்கார். வேணும்னா நான் மாத்தி வரவெச்சுடறேன்.”

என் மனைவி வெகுநேரம் திரையைப் பார்த்தாள். “வேணாம்மா. எல்லாம் சரியா இல்லியே.”

இப்போது அந்தத் திரையில் எதுவும் வருவதில்லை. காலையில் அவள் அதை ஒருமுறை பார்க்கிறாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

இதை வாசிக்கும் நீங்கள் அக்காலணிக் கடைக்கு உரியவராக இருக்கலாம். அல்லது அவரை அறிந்தவராக இருக்கலாம். முகவரியைத் திருப்பித் தருமாறு நான் கேட்கவில்லை. விடியற்காலையில் ஒரு சிறு பெட்டி உங்கள் வாசலுக்கு வந்து, அவனிடமிருந்து ஏதேனும் உண்டா என்று கேட்கும். சிரிக்கும் முகத்தை அதற்குக் காட்டாதீர்கள். வேறெவருடைய பதிலையும் அதன் கையில் கொடுக்காதீர்கள். கதவைத் திறக்காமல் இருங்கள். வீட்டில் ஆள் இல்லை என்று எண்ணிக்கொண்டு அது திரும்பிவிடும். மறுநாளும் வரும். அன்றும் திறக்காதீர்கள்.