கதவில் மஞ்சள் முக்காடு

"அதை விடுங்க அண்ணி," என்று மெத்தையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள் குல்சுன். மறுமுனை நாத்தனார் சாய்ராவின் கையில் இருந்தது. ஆணியில் பாதி கிழிந்து தொங்கிய மெத்தையிலிருந்து ஆட்டு ரோமம் உதிர்ந்தது.

"எதுக்கு விடணும்? வெளிய ஜனங்க வெறுந்தரையில உக்காந்திருக்கு. இங்க சுவருக்குப் போர்த்தி வச்சிருக்கீங்க. சுவருக்குக் குளிருதா?"

"அவரு மாட்டுனது."

"மாட்டுனவனே போயிட்டான்," என்றாள் சாய்ரா. சொன்ன வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. ஆனால் கை மெத்தையை விடவில்லை.

பன்னிரண்டு மெத்தைகள். குல்சுன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர். எட்டு வருஷத்துக்கு முன் அடுப்படியை ஒட்டிய இந்தச் சின்ன அறையிலிருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டு, குபாத் அவற்றை நான்கு சுவரிலும் ஆணி வைத்து அடித்தான். அன்று அவள் போட்ட சண்டை தெரு முழுக்கக் கேட்டது. "உன் மெத்தை இல்லன்னா எனக்கு ஸ்டுடியோவே இல்லடி," என்று அவன் சிரித்தான். ஆளை இன்னும் கோபப்படுத்துகிற சிரிப்பு அது.

குபாத் விடிவதற்கு முன் வாடகை வேனை எடுத்தால் ஒரு மணிக்குத்தான் முதல் முறை முடியும். மறுபடி நாலரைக்குப் போக வேண்டும். நடுவில் கிடைத்த நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் தூங்குவார்கள். இவன் கோமுஸ் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு இங்கே நுழைந்துவிடுவான். மூன்று தந்தி, ஒரு மடிக்கணினி, பழைய காலுறை மாட்டிய ஒரு மைக். பாட்டை முடித்துப் போனில் ஏற்றினால் நாற்பது பேர் கேட்பார்கள். ஓஷ் நகரப் பக்கத்திலிருந்து யாரோ முகம் தெரியாதவன் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். தூங்கு, தூங்கு என்று அவள் சொல்லாத நாளில்லை. ஐம்பது வயது மனிதனின் நெஞ்சு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

சாய்ரா கடைசி மெத்தையையும் தூக்கிக்கொண்டு போனாள். அறை உரித்த கோழி மாதிரி நின்றது.

மூத்தார் மாம்பெத் உள்ளே வந்தார். இடுப்பில் கச்சை, கையில் துக்கத் தடி. முற்றத்தில் போட்டிருந்த கம்பளிக் கூடாரத்தின் வாசலில் நேற்றிலிருந்து தம்பிக்காக நின்று கதறிக்கொண்டிருப்பவர். குரல் கம்மியிருந்தது.

"கூடாரத்துல உன் இடம் காலியா கெடக்கு. பொண்டாட்டி ஒப்பாரி வைக்காத பொணம்னு ஊரு பேசுது."

"வர மாட்டேங்குது அத்தான். தொண்டை அடைச்சிருக்கு."

"நேத்தே அடைச்சுப்போச்சோ? ஒரு மணி நேரம் வீட்லதான இருந்த. பத்தடி தூரத்துல புருஷன் செத்துக் கெடக்கான், எட்டிப் பாக்கத் தோணல."

இதை அவர் நேற்றிலிருந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிவிட்டார். மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டிருக்கும் அவள் மகன் ஆதாயிடமும் போனில் சொல்லியிருந்தார். அவள் மூத்தாரின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே பயமாக இருந்தது.

"காலையில ஆதாயக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போகணும். வேன் சாவியக் காணோம்," என்று அடுப்படியிலிருந்து சாய்ரா கத்தினாள். மாம்பெத் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போனார்.

அந்த ஒரு மணி நேரம் உண்மைதான். நேற்று அவள் வேலை பார்க்கும் தையல் பட்டறையிலிருந்து மூன்று மணிக்கு வந்தபோது பிரிட்ஜ் நின்றிருந்தது. ஸ்டுடியோ அறைக் கதவின் பிடியில் அவளுடைய மஞ்சள் முக்காடு கட்டியிருந்தது. முக்காடு கட்டியிருந்தால் உள்ளே பதிவு ஓடுகிறது, யாரும் திறக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான். ஒருமுறை தெரியாமல் திறந்து பாட்டைக் கெடுத்துவிட்டு, அவன் முகம் சுருங்கியதும், "எதையாவது கட்டித் தொலை, எனக்கு எப்படித் தெரியும்?" என்று சீறியிருந்தாள்.

நேற்றும் சீறிக்கொண்டுதான் இருந்தாள், மனசுக்குள். கெட்டிலை வைக்கவில்லை, குழாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் கேரட் நறுக்கினாள். நாலு மணிக்கு, வேலைக்கு நேரமாகிறதே என்று கதவைத் தட்டினாள்.

அவள் வந்தபோது அவன் உயிரோடு இருந்தானா? நேற்றிலிருந்து அவளுக்கு இருந்தது இந்த ஒரே கேள்விதான். பதில் அந்த மடிக்கணினிக்குள் இருந்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண் அதை மூடி ஓரமாக வைக்கிறவரைக்கும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

குல்சுன் கதவைச் சாத்தி, கணினியைத் திறந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். திரையில் நீளமாக ஒரு கோடு. தொடக்கத்தில் அடர்த்தியாக முள் முள்ளாக இருந்தது, பிறகு ஏறக்குறைய நேர்கோடு. பதிவு தொடங்கிய நேரம் இரண்டு ஐந்து.

முதலில் செருப்புச் சத்தம். அவன் எப்போதும் பதிவைப் போட்டுவிட்டுத்தான் பிரிட்ஜை நிறுத்தப் போவான். சுவருக்கெல்லாம் மெத்தை வந்தது, கதவுக்குப் போதவில்லை. அதனால் பிரிட்ஜின் முனகல்கூட உள்ளே வந்துவிடும். முனகல் நின்றது. பிரிட்ஜ் திறந்தது, உள்ளே ஏதோ உலோகம் கிணுங்கென்று விழுந்தது. வேன் சாவி. ஒருமுறை பிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து ஒரு முழு ஆட்டுத் தொடை கெட்டுப்போக, அவள் மூன்று நாள் பேசாமல் இருந்தாள். அன்றிலிருந்து சாவியை பிரிட்ஜுக்குள் போடுவான். பிரிட்ஜைத் திறக்காமல் வேலைக்குக் கிளம்ப முடியாதல்லவா?

பிறகு கோமுஸ். இரண்டு முறை வாசித்து, இரண்டு முறையும் ஒரே இடத்தில் தடுக்கி, "ச்சே, குல்சுன் வர்றதுக்குள்ள முடிச்சிரணும்," என்றான். மூன்றாவது முறை அந்த இடத்தைத் தாண்டினான். தாண்டியதும் கோமுஸ் தரையில் மோதியது. நாற்காலி சரிந்தது. அதன்பின் மூச்சு, ரம்பம் அறுப்பது போன்ற மூச்சு. இரண்டு இருபத்தொன்று.

அவள் காதிலிருந்து பிடுங்கப் போனாள். கை போகவில்லை.

இரண்டு இருபத்தாறுக்கு வாசல் கேட் திறந்தது. அவள் திடுக்கிட்டாள். அந்நேரம் அவள் பட்டறையில் இருந்தாள். கனத்த பூட்ஸ் அடுப்படிக்குள் வந்தது.

"டேய் குபாத். வேன் வேணும்டா, மாட்டுத்தீவனம் ஏத்தணும்." மாம்பெத்தின் குரல். இழுப்பறைகள் திறந்து மூடின. "சாவிய எங்க வச்சுத் தொலைச்சான்." பூட்ஸ் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "மஞ்சத்துணியக் கட்டிட்டாரு தொரை. நீயும் உன் டொய்ங் டொய்ங்கும்."

அந்தக் குரலுக்கு அடியில் மூச்சு அறுத்துக்கொண்டே இருந்தது. நடுவில், சொல்லாக மாறாத ஒரு சத்தம். பூட்ஸ் திரும்பியது, கேட் அடைந்தது. மூச்சு இன்னும் நான்கு நிமிஷம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மூன்று மணிக்கு அவளே வந்தாள். "மறுபடியும் பிரிட்ஜப் புடுங்கிட்டியா, சனியனே," என்று கிசுகிசுத்தாள். கேரட்டின் மேல் கத்தி மெதுவாக இறங்கியது. செத்தவனுக்குத் தொந்தரவு ஆகாதபடி ஒருத்தி ஒரு மணி நேரம் அவ்வளவு கவனமாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

தான் கொல்லவில்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உச்சந்தலை வரைக்கும் கோபம்தான் ஏறியது. தானும் கதவு வரைக்கும் வந்து போனது தெரிந்துகொண்டே அந்த ஆள் நேற்றிலிருந்து பேசிய ஒவ்வொரு சொல்லும் நினைவுக்கு வந்தது. ஆதாயிடம் வேறு.

அடுப்படியில் பிரிட்ஜ் உரக்க முனகிக்கொண்டிருந்தது. யாரோ திரும்பப் போட்டு, துக்க விருந்துக்கான குதிரைக்கறியைத் திணித்து வைத்திருந்தார்கள். கொழுப்புப் பொட்டலங்களை விலக்கிக் கையை உள்ளே விட்டாள் குல்சுன். முட்டை வைக்கிற குழியில், நேற்று உருகிச் சொட்டி மறுபடி உறைந்த பனியோடு ஒட்டிக்கொண்டு சாவி இருந்தது.

"எங்க போற? கூடாரம் அந்தப் பக்கம்," என்று பின்னாலேயே வந்தாள் சாய்ரா.

விதவை ஆண்கள் நிற்கிற வரிசைக்குப் போகக் கூடாது. குல்சுன் போனாள். மாம்பெத் வரிசையின் முதல் ஆளாகத் தடியை ஊன்றிக் குனிந்து நின்றிருந்தார்.

"அத்தான்."

அவர் நிமிர்ந்தார்.

"நேத்து நீங்க தேடுன சாவி. பிரிட்ஜுல இருந்துச்சு." அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"நேத்தா?" என்றாள் சாய்ரா. "நேத்து எதுக்குத் தேடுனான்?"

கேட்டருகே அடுத்த கிராமத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வந்தவர்களைப் பார்த்ததும், முறைப்படி, வரிசையில் இருந்த ஆண்கள் எல்லோரும் தடியில் சாய்ந்து, "என் தம்பியே, என் ஈரக்குலையே," என்று ஒரே குரலில் கதறத் தொடங்கினார்கள். மாம்பெத்தும் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மூடிய விரல்களின் இடுக்கிலிருந்து, சாவியின் பனி உருகித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.