ரப்பர் கலந்த தார்

மலாயாவில் லுக்குட் ஊருக்குப் பக்கத்திலிருந்த ரப்பர் எஸ்டேட்டில் சாலை வேலை ஆட்களுக்குத் திருநாவுக்கரசு மண்டோராக, மேற்பார்வை பார்க்கிறவனாக இருந்தான். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்த பிறகு அவன் தூக்கத்தைக் கெடுத்தது ரப்பர் ஸ்டோருக்கு ஏறும் மேட்டுச் சாலைதான். வெயில் அடித்தால் தார் இளகி லாரிச் சக்கரத்தோடு போகும். மழை பெய்தால் பாளம் பாளமாகப் பெயரும்.

ஒரு மழைநாளில் ஜப்பான் அதிகாரி ஒகாவாவின் கார் அங்கே சிக்கிக்கொண்டது. அவரே இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. முழங்கால் வரை சேற்றோடு நின்றவர், அடுத்த மழைக்குச் சாலை தாங்காவிட்டால் மண்டோரும் ஆட்களும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டும் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

சயாமுக்குப் போனவர்களைப் பற்றி எஸ்டேட்டுக்கு ஒரு செய்தியும் வந்ததில்லை.

"மிச்சம் இருக்கிற தாரைக் கொட்டினாலும் பழைய கதைதான் மயிலு," என்றான் மனைவியிடம்.

மயிலம்மாள் பால்மரம் வெட்டுகிறவள்; ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. தன் கைலியின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினாள். "இந்தப் பால் கறை, துணி கிழிஞ்சாலும் போவ மாட்டேங்குது. வாங்க ஆளில்லாம சாக்கடைக் கானுலதானே ஊத்துறோம்? தாருல ஊத்திப் பாத்தா என்னாங்க?"

ஊற்றிப் பார்த்தார்கள். கொதிக்கும் தாரில் பால் விழுந்ததும் டிரம் புஸ்ஸென்று பொங்கி வழிந்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சத்தம் கேட்டு வந்த, எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி தம்பிராஜாவின் வெள்ளைக் கால்சட்டையில் கறுப்புப் புள்ளிகள் தெறித்தன. அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன வேலை பாக்கிறியள்? எஸ்டேட்டைக் கொளுத்தப் போறியளோ?"

திட்டிக்கொண்டே கால்சட்டையில் ஒட்டியதைப் பிய்த்தார். அது ரப்பர் போல இழுபட்டது. மறுபடி இழுத்துப் பார்த்தார். கோபம் மெல்ல இறங்கியது.

"பாலிலை தண்ணி கிடக்கு. அதுதான் பொங்குது. காய்ஞ்ச ரப்பரைப் போட்டால் என்ன?"

"கோட்டுப்பால் இருக்குங்க கிராணி ஐயா!" என்றாள் மயிலம்மாள். மரத்தின் வெட்டில் நாடாபோலக் காய்ந்து கிடப்பது அது.

பெண்கள் உரித்துவந்து பொடிப்பொடியாக நறுக்கினார்கள். முதலில் ஆசையில் அள்ளிப் போட்டதில் தார் களியாகத் திரண்டு துடுப்பைப் பிடித்துக்கொண்டது. மயிலம்மாளும் அவள் தோழி பஞ்சாலையும் சேர்ந்து இழுக்க, துடுப்பு திடீரென்று விடுபட்டு இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். தம்பிராஜாகூட வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த முறை கொஞ்சமாகப் போட்டு, தணலை அடக்கி, மாற்றி மாற்றிக் கிண்டினார்கள். பொழுது சாயும் நேரத்தில் ரப்பர் கரைந்து, தார் பளபளவென்று பாகுபோல ஒழுகியது. மறுநாள் கல் பரப்பி ஊற்றினார்கள். நல்ல வெயிலில் திருநாவுக்கரசு கட்டைவிரலால் அழுத்தினான். பள்ளம் விழுந்து, மெல்ல மேலே எழும்பியது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். ஒரு கல்கூட அசைந்திருக்கவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒகாவாவின் கார் வந்தது. வழுக்காமல் ஏறி உச்சியில் நின்றது. அவர் இறங்கிப் பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தார்.

"இதில் என்ன கலந்தீர்கள்?"

உத்தரவில்லாமல் எஸ்டேட் ரப்பரில் கை வைத்ததற்கு அறை விழலாம், அதற்கு மேலும் நடக்கலாம். தம்பிராஜா முன்னால் வந்து மலாயில் சொன்னார்.

"கெத்தா, துவான். ரப்பர்தான், ஐயா. நான்தான் போடச் சொன்னேன்."

"யோசனை என்னுதுங்க," என்று மயிலம்மாள் தமிழிலேயே சொன்னாள்.

ஒகாவாவுக்கு அது புரியவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று சிரித்தார். "பாகுஸ்! நல்ல வேலை. போர்ட்டிக்சன் பட்டணத்துக்குப் போகும் பெரிய சாலை வரைக்கும் இதையே போடுங்கள். இந்த ஆட்கள் எங்கேயும் போக வேண்டாம்."

கார் மறைந்ததும் ஆட்கள் போட்ட கூச்சலில் மரத்துப் பறவைகள் கலைந்தன. திருநாவுக்கரசு அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது.

"எந்திரிங்க," என்று மயிலம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "போர்ட்டிக்சன் ரோடு வரைக்கும் கிண்டணுமாம்லா. மொதல்ல போயி மரவள்ளிக்கிழங்கு சாப்பிடுவோம்."