களியக்காவிளையில் நிறைத்த டேங்க்

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவனுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று கிடையாது. திருவனந்தபுரத்தில் எந்த ஃபிளாட்டில் லிஃப்ட் நின்றாலும் அஜேஷ்தான் ஓட வேண்டும். அன்றைக்கும் மேல்மாடிக்காரர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தார்கள். அத்தனையையும் கேட்டுவிட்டு, முதுகு ஒடிய பஸ்ஸில் தொங்கிக்கொண்டு எல்லையோரத்தில் இருக்கிற தன் ஊர் கொல்லயிலுக்கு வந்து சேர்ந்தான். வீட்டு முற்றத்தில் அவனுடைய கார் பளபளவென்று நின்றது. யாரோ கழுவியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டில் அவனை விட்டால் இருப்பது அவன் மனைவி நீது ஒருத்திதான்.

அவனால் நம்பவே முடியவில்லை. ரெண்டு வருஷமாக அவள் இந்தக் காரைத் தொட்டதில்லை. கோயிலுக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும் ஆட்டோ பிடித்துத்தான் போவாள். "சக்களத்திக்க மடியில எவளாவது போயி இருப்பாளா?" என்று கேட்பாள். அவள் கேட்பதிலும் நியாயம் உண்டு. லீவு கிடைத்த நாளெல்லாம் அவன் காருக்கு அடியில்தானே கிடந்தான்.

சந்தோஷமாகக் கதவைத் திறந்து சாவியைத் திருப்பினான். பெட்ரோல் முள் ஏறி ஏறி, கடைசிக் கோட்டில் போய் நின்றது. டேங்க் நிறைந்திருந்தது.

போச்சு! எல்லாம் போச்சு! அஜேஷ் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே இருந்தான்.

மறுநாள் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்தில் நானூறு மீட்டர் ஓட்டம். ரோட்டில் ஓடுகிற கார்களுக்கானது. அந்தத் தூரத்தைப் பதினாலு செகண்டுக்குள் கடந்துவிட வேண்டும் என்பதுதான் அஜேஷைப் பிடித்த பேய். நாளைக்கு ஓடி முடித்ததும் காரை மார்த்தாண்டத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாக நீதுவிடம் ஒத்துக்கொண்டிருந்தான். ஆகவே இதுதான் கடைசி வாய்ப்பு. இனி இந்த ஜென்மத்தில் கிடையாது.

அவனுடைய சிநேகிதன் தீபு, நெய்யாற்றின்கரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், காரின் கம்ப்யூட்டருக்கு ரெண்டு மேப் எழுதி வைத்திருந்தான். மேப் என்றால், எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது நெருப்பு என்று சொல்கிற கணக்கு. ஒன்று சாதாரண பெட்ரோலுக்கு, மற்றது ரேஸ் பெட்ரோலுக்கு. சாதாரண பெட்ரோலை ரொம்ப அழுத்தினால் நேரம் வருவதற்கு முன்பே தானாக வெடிக்கும். உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் வரும், பிறகு பிஸ்டன் உடையும். ரேஸ் பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்கும். அவ்வளவுதான் அதன் மகிமை. அதைத் தேர்ந்தெடுக்கப் பட்ட பாடு இருக்கிறதே! பம்பில் கிடைக்கிற விலை கூடிய பெட்ரோல் போதவில்லை. யாரோ பெயின்டுக்கு ஊற்றுகிற தின்னரைக் கலக்கச் சொன்னார்கள், தீபு அவர்களைக் கெட்ட வார்த்தை சொல்லி விரட்டினான். ஈயம் சேர்த்த சரக்கு ஒன்று கிடைத்தது, அதை ஊற்றினால் சென்சர் செத்துப்போகும் என்று வேண்டாமென்றான். கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து ஈயம் இல்லாத ஒன்றை சீல் வைத்த கேனில் வரவழைத்து, டேங்கைச் சுத்தமாக வற்றவைத்து, நேற்றுத்தான் ஊற்றினார்கள். கால் டேங்க். அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது.

அதன் தலையில்தான் இப்போது முக்கால் டேங்க் சாதாரண பெட்ரோல் நிற்கிறது. பாலில் தண்ணீர் ஊற்றியாயிற்று. இனி எவன் பிரிப்பான்?

நீதுவைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை குறைவு என்பது பாறசாலை வட்டாரத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். களியக்காவிளைக்கு ஒரு முழம் பூ வாங்கப் போனாலும் வண்டியை நிறைத்துக்கொண்டுதான் திரும்புவார்கள். காலி டேங்கோடு எல்லை தாண்டித் திரும்புகிறவனை ஊரில் மடையன் என்பார்கள்.

நீது கட்டன்சாயாவோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டியளா? நானே ஓட்டிட்டுப் போனேனாக்கும். களியக்காவிளையில போயி நெறச்சோண்டு வந்தேன். கால் டேங்குதான் கெடந்துது. அதையும் வச்சோண்டு நாளைக்கு அவ்வளவு தூரம் போவியளோ?"

"உனக்கு எதுக்கு பிள்ளே இந்தப் பாடு?"

"கடைசி ஓட்டமில்லியா. ரெண்டு வருசமும் உங்கள வாயில வந்ததெல்லாம் சொல்லியாச்சு. நாளைக்கு நானும் வாறேன். நீங்க என்னத்துக்குக் கெடந்து இப்பிடிச் சாவுதியன்னு ஒருக்கா கண்ணால பாக்கணும்."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்தச் சிரிப்பு அப்படியே செத்துவிடும். நான் உங்களுக்கு ஒன்று செய்யப் போனாலும் அது குற்றம்தானே என்று உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். பிறகு எந்தக் காலத்திலும் அவனுக்காக அவள் ஒன்றும் செய்யமாட்டாள். ரெண்டு வருஷப் பிணக்கை மறுபடி முதலிலிருந்து தாங்க அவனுக்குச் சக்தி இல்லை.

"நல்ல காரியம் செய்த" என்று சாயாவை வாங்கிக்கொண்டான்.

பின்பக்கம் தென்னைமூட்டில் போய் நின்று தீபுவைக் கூப்பிட்டான். தீபு கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"எலே, ரேஸ் மேப்பிலயாடே அவ ஓட்டிட்டு வந்தா? மெதுவா ஓட்டினதுனால எஞ்சின் பொழச்சுது. நாளைக்கு சாதாரண மேப்பில ஓடு. இல்லேங்கி வீட்டுல கெட. ரேஸ் மேப்பு போட்டு மிதிச்சியோ, பிஸ்டன் பொடியாப் போவும், சொல்லிட்டேன்."

"போவாம இருக்க முடியாது மக்கா. அவளும் வாறா."

"அப்பம் அவகிட்ட உள்ளதச் சொல்லு."

"சொல்லமாட்டேன். நீயும் சொல்லப்பிடாது. எனக்க மேல ஆணை."

ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. நீது குடையைப் பிடித்துக்கொண்டு கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். விடிவதற்கு முன்பே எழுந்து வாழையிலையில் பொதிச்சோறு கட்டி எடுத்து வந்திருந்தாள், தீபுவுக்கும் சேர்த்து.

ஒவ்வொருவருக்கும் ரெண்டு ஓட்டம். முதல் ஓட்டத்தில் சாதாரண மேப்பில் கார் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் போயிற்று. பக்கத்தில் ஓடியவன் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பலகையில் பதினாறு செகண்ட் விழுந்தது.

ரெண்டாவது ஓட்டத்துக்கு முன் தீபு லேப்டாப்பைத் திறந்து அவன் மடியில் வைத்தான். அவனுக்கும் ஆற்றாமை.

"வேணுமுன்னா இப்பச் சொல்லு, மேப்ப மாத்துதேன். ஒருவேளை தாங்கினாலும் தாங்கும். தாங்கேல்லன்னா லாரியில ஏத்தித்தான் கொண்டுபோவணும். மார்த்தாண்டத்துக்காரரும் வாங்கமாட்டாரு. யோசிச்சுக்க."

ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். பதினாலு செகண்ட் அந்தப் பொத்தானுக்குள்தான் இருக்கிறது, எஞ்சினின் சாவும் அதற்குள்தான். உடைந்தால் ஏன் உடைந்தது என்று நீது கேட்பாள். தீபு எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பான்? வேலிக்கு அப்புறத்திலிருந்து நீது கையை ஆட்டினாள். அஜேஷும் ஆட்டினான். ஐயோ, எவ்வளவு ஆசையாக இருந்தது அவனுக்கு! ஒரே ஒரு தடவை, அவள் பார்த்துக்கொண்டு நிற்கையில்!

"வேண்டாம், லேப்டாப்ப அடைச்சு வை" என்றான்.

ரெண்டாவது ஓட்டமும் முதல் ஓட்டம் போலத்தான். இறங்கி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நீது குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். மற்ற கார்கள் பறந்ததையெல்லாம் அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான்."

"எனக்க அண்ணனுக்க வண்டியே இப்பிடிப் போவுமே." கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு வருசம் நான் தனியா இருந்து சோறு தின்னது இதுக்காக்கும், இல்லியா?"

தீபு வாயைத் திறந்தான். அஜேஷ் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். இதல்ல இந்தக் காருடைய ஓட்டம், நீ ஊற்றிய பெட்ரோல்தான் இப்படிச் செய்தது என்று சொன்னால் அவனுடைய ரெண்டு வருஷத்துக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். அவள் முகத்தைப் பார்த்தான். சோற்றுப் பொதி இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"ஓ," என்று தலையாட்டினான். "இதுக்குத்தான்."

நீது கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, அவன் முதுகில் கையை வைத்துத் தடவினாள்.

"பாவம் நீங்க," என்றாள். "செரி, அந்தப் பக்கம் ஏறுங்க. நான் ஓட்டுதேன். நல்லா சீணிச்சுப் போயிருக்கிய, ஒறங்குங்க."

தோற்றதுகூட அவனுக்கு வலிக்கவில்லை, அந்தப் 'பாவம்'தான் வலித்தது. இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தான். நீது பதனமாக கியர் போட்டு, நாற்பதைத் தாண்டாமல் மெயின்ரோட்டுக்கு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவனைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்:

"வண்டியக் குத்தம் சொல்லப்பிடாது கேட்டியளா. மெதுவாப் போறதுக்கு நல்ல வண்டியாக்கும்."

அஜேஷ் கண்ணை மூடிக்கொண்டு "ஓ" என்றான்.