ஜன்னல் வலை

வெள்ளைக்கு அடியில் பச்சை வந்தபோதே நான் பிடியை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பச்சை வேன் உலகத்தில் எத்தனையோ ஓடுகிறது, இதற்குப் போய் எவனாவது பயப்படுவானா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குழாய் முனையைச் சாய்த்துப் பிடித்து, கதவுப் பக்கத்தை மேலிருந்து கீழாக வாரிக்கொண்டே வந்தேன்.

பழைய பெயிண்டை உரிப்பதுதான் என் பிழைப்பு. மணல் அடிக்கிறவன் என்பார்கள். இப்போது அடிப்பது மணல் இல்லை, உலைக்கசடை உடைத்த கறுப்புத் துகள். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. தலையில் கவசம், முதுகுப் பக்கம் சுவாசக் காற்றுக்கு ஒரு குழாய், கையில் கனத்த குழாய். பிடியை அழுத்தினால் துகள் சீறும், விட்டால் நிற்கும். தகட்டுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும், ஒரே இடத்தில் கை நிற்கக் கூடாது. நின்றால் தகடு சூடேறி நெளிந்துவிடும். அப்புறம் அதை எந்தக் கொம்பனாலும் நிமிர்த்த முடியாது. கொட்டகைக்கு வெளியே கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருக்கிறார். அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்து காது போய்விட்டது. எதைக் கேட்டாலும் "ஹலோ?" என்பார், அதனால் ஊருக்கே அவர் ஹலோ.

வேன் என் தங்கச்சி புருஷனுடையது. யார் யாருடைய வண்டியையோ ஓட்டித் தேய்ந்த மனுஷன், முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று வாங்கியிருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போகிறார். தங்கச்சிதான் கூடவே போய்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கப் போகிறாள். அவர்கள் மகளும் அதிலேயே போவாள். காலையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதிலிருந்து மாப்பிள்ளைக்கு வாய் ஓயவில்லை. வீட்டில் அவருக்குப் பெயரே ரேடியோதான்.

"பெயிண்டர் ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கான் மச்சான். நாளைக்குக் காலையில சோதனை. அது முடிஞ்சாத்தான் பள்ளிக்கூடத்துல கையெழுத்துப் போடுவாங்க. வேற யாருகிட்டயாவது விட்டிருந்தா எனக்குத் தூக்கமே வந்திருக்காது. நீங்கன்னதும் நிம்மதியாத் தூங்கினேன்."

"பேசிக்கிட்டே இருந்தா மத்தியானம்தான் ஆகும். வெளிய போங்க மாப்ள" என்று நான்தான் விரட்டினேன். கொட்டகையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கையை ஆட்டினார்.

பச்சைக்கு அடியில் சந்தன நிறம் வந்தது. கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணுக்கு வந்தேன். இழுத்து மூடுகிற கதவு வந்து பூட்டிக்கொள்வது இந்தத் தூணில்தான், கூரையைத் தாங்குவதும் இதுதான். அங்கே சத்தம் மாறியது. தகட்டில் துகள் பட்டால் ஒரு ரீங்காரம் வரும். இங்கே மொத்தென்று இருந்தது, தலையணையில் அடிக்கிற மாதிரி. வெளிர் மஞ்சளாகத் தூள் கிளம்பியது. நசுங்கலை நிரப்பிப் பூசுகிற பட்டி. அதுவும் விரல் கனத்துக்குப் பட்டி. எவனோ ஒரு பாவி தூணையே பட்டியில் செய்துவைத்திருக்கிறான் என்று கவசத்துக்குள்ளேயே திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அடுத்த வீச்சில் பட்டி ஒரு துண்டாகப் பெயர்ந்து விழுந்து, உள்ளே நீலமாக ஏதோ படபடத்தது.

பிடியை விட்டேன். கிட்டப் போய்க் கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன். நைலான் வலை. நீலக் கொசுவலை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பழைய வண்டிக் கடையில் பட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். நசுங்கினது, துருப்பிடித்தது எல்லாம் என் கைக்கு வந்தால் புதுசு. முதலாளி என்னை மேஜிக் என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் தூண் அடியில் துருவேறி, கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை விழுந்த சந்தன நிற வேன் ஒன்று வந்தது. வெட்டியெடுத்து வேறு தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டிய வேலை. "விக்கப் போற வண்டிக்கு எதுக்குடா வெல்டிங், மூடு" என்றார் முதலாளி. பட்டி ஓட்டைக்குள் விழாமல் நிற்க உள்ளே ஏதாவது ஒரு வலை வேண்டும். கடையில் கம்பிவலை தீர்ந்திருந்தது. நான் வீட்டுக்குப் போய் ஜன்னலில் அடித்திருந்த கொசுவலையைக் கிழித்துக்கொண்டு வந்தேன். அது தங்கச்சி படுக்கிற அறை. ஒரு வாரம் அவளைக் கொசு பிய்த்துத் தின்றது.

வலையை வைத்துப் பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, மேலே பச்சை அடித்து, ரெண்டு நாள் வேலை. முதலாளியே விரலால் தடவிப் பார்த்துவிட்டு எங்கே ஓட்டை என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வீட்டில் வந்து சொன்னேன். கல்யாணத்தில் சொன்னேன், புது மாப்பிள்ளையிடம் முதல்முதலில் நான் சொன்ன கதையே அதுதான். அப்புறம் அதை எடுத்துக்கொண்டது அவர். யார் வந்தாலும், "எங்க மச்சான் என் பொண்டாட்டியைக் கொசுவுக்குக் கொடுத்துட்டு ஒரு வேனைக் காப்பாத்தினவரு" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஏழு வருஷமாகச் சிரித்திருக்கிறேன். அந்த வண்டியில் யார் ஏறினார்கள், எங்கே போனார்கள் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் நின்றேன். பெயர்ந்த துண்டைத் திரும்ப ஒட்டி, மேலே ரெண்டு கை பட்டி இழுத்தால் அரைமணி நேரத்தில் இறுகிவிடும். பெயிண்டருக்குத் தெரியாது. சோதனை செய்கிறவன் பிரேக்கையும் விளக்கையும் பார்ப்பான், தூணைத் தட்டியா பார்க்கப் போகிறான்? கை தானாக, கொட்டகை மூலையில் கிடக்கிற பட்டி டப்பாவைத் தேடியது. சத்தியமாகத் தேடியது. அந்தக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "மாப்ள, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். நான் காட்டிய இடத்தில் குனிந்து பார்த்தார். முதலில் பழக்கதோஷத்தில் சிரிப்புதான் வந்தது அவருக்கு. சிரித்துக்கொண்டே வலையை விரலில் சுற்றி இழுத்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"மச்சான், இது நம்ம வீட்டு ஜன்னல்."

"ஆமா."

ரேடியோவுக்கு வாய் அடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். தூணை மேலும் கீழும் பார்த்தார். வெளியே பார்த்தார். பிறகு, "ஹலோவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"அப்ப மூடிடுங்க."

அவர் குதிப்பார், என் சட்டையைப் பிடிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"துரு முன்னைக்கு இப்ப மேலயே ஏறியிருக்கு மாப்ள. வெட்டி எடுத்து வெல்டிங் வைக்கணும். பத்து நாள் ஆகும்."

"பத்து நாள் அவங்க காத்திருக்க மாட்டாங்க. பின்னாலயே இன்னொருத்தன் வண்டியோட நிக்கிறான். நாளைக்குச் சோதனை முடியட்டும். பள்ளிக்கூட லீவுல பிரிச்சுப் போட்டு ஒழுங்காப் பண்ணிக்கலாம்."

"லீவு எப்ப?"

"மூணு மாசம்."

"அதுவரைக்கும் இந்தக் கதவோரம் யாரு உட்காருவா?"

அவர் தூணைத் தட்டிக்கொடுத்தார். "ஏழு வருஷம் ஓடியிருக்கு. ஒண்ணும் ஆகலையே. உங்க வேலை அப்படி. எனக்கு நம்பிக்கை இருக்கு மச்சான்."

என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"முடியாது மாப்ள."

"அன்னைக்கு முதலாளி சொன்னாரு, வீட்டு ஜன்னலைக் கிழிச்சு எடுத்துட்டு வந்து மூடினீங்க. இன்னைக்கு நான் சொல்றேன். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" குரல் உயரவே இல்லை. "ஊரான் பிள்ளை ஏறினப்ப மூடத் தெரிஞ்சுதில்ல?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இதே தூணோடு இந்த வேனை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் நான் கூப்பிட்டுக் காட்டியிருப்பேனா? அந்த யோசனையை எனக்கு முடிக்கத் தைரியமில்லை.

அவர் போன் அடித்தது. எடுத்தார். குரல் பழைய ரேடியோவாகிவிட்டது. "எல்லாம் ஜோராப் போகுது. உங்க அண்ணன் கையில விட்டாச்சு, அப்புறம் என்ன கவலை. இந்தா, பேசு." போனை என்னிடம் நீட்டினார். கண்ணால் கெஞ்சினார்.

"அண்ணே, அவர் தொணதொணன்னு பேசிக் கொல்றாரா?" என்றாள் தங்கச்சி.

"இல்லம்மா."

"ஒரே ஒரு வேலைண்ணே. கதவுக்குப் பக்கத்துல தூண் இருக்குல்ல, அதுல எனக்கு ஒரு கைப்பிடி வெச்சுக் கொடுக்கிறியா? பிள்ளைங்களைத் தூக்கி ஏத்தறப்ப ஒரு கையால அதைப் பிடிச்சுக்குவேன். வண்டி கிளம்பிட்டாலும் பயமில்ல பாரு."

"சரிம்மா" என்றேன். வேறென்ன சொல்ல. போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஆனாலும் பட்டி டப்பாவை அவரே எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். மூடியைத் திறந்தும் வைத்தார்.

"வெளிய போங்க மாப்ள" என்றேன்.

நான் பட்டி பூசப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனார். நான் கவசத்தை மாட்டினேன். ஹலோவைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே காட்டினேன், காற்றைக் கூட்டு என்று. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தகட்டு வேலைக்கு யாரும் அவ்வளவு காற்றுக் கேட்க மாட்டார்கள். நான் மறுபடி காட்டினேன்.

தூணிலிருந்து ஒரு சாண் தூரத்தில் முனையை வைத்து, கையை அசைக்காமல் நிறுத்தினேன். எந்த மணல் அடிக்கிறவனும் செய்யாத வேலை. பட்டி பொடிப்பொடியாகச் சிதறியது. நீல வலை ஒரு நொடி துடித்துவிட்டுக் காணாமல் போனது. துரு செதில் செதிலாகப் பறந்தது. கட்டைவிரல் ஓட்டை முஷ்டி அளவானது, முஷ்டி அளவு உள்ளங்கை அளவானது. உள்பக்கத் தகடும் பிய்ந்து, வேனுக்கு அந்தப் பக்கம் இருந்த வெளிச்சம் தூண் வழியாகத் தெரிந்தது. என்னைப் போல நூறு மேஜிக் வந்தாலும் இனி இதை மூட முடியாது என்கிற வரைக்கும் அடித்தேன். கவசத்துக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன், துடைக்க வழியில்லை.

அப்போதுதான் ஓரக்கண்ணில் ஒரு நிழல் ஓடிவந்தது. கவசம் கிடையாது, கையுறை கிடையாது. மாப்பிள்ளை நேராகத் தூணுக்கும் எனக்கும் நடுவில் கையை நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடியை விட்டேன். விட்ட உடனே நிற்காது இந்தச் சனியன், குழாயில் இருக்கிற காற்று ஒரு மூச்சு நேரம் சீறும். முனையை முழு பலத்தோடு தரைப்பக்கம் திருப்பினேன். என் பூட்ஸ் நுனி கிழிந்தது. பிறகு நின்றது.

கவசத்தைக் கழற்றி அவர் கையைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சட்டைக் கை மட்டும் நைந்திருந்தது. அவர் கையை உருவிக்கொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை. தூணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூண் உள்ளே கூடு. நான் அடித்த துகளெல்லாம் அதற்குள் போய் நிறைந்திருந்தது. இப்போது அது ஓட்டையின் விளிம்பு வழியாகக் கறுப்பாக, சத்தமே இல்லாமல் கொட்ட ஆரம்பித்தது. மாப்பிள்ளை மண்டியிட்டார். ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து அந்த ஓட்டையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். துகள் அவர் விரலிடுக்கில் வழிந்து, மணிக்கட்டு வழியாக இறங்கி, மடியில் விழுந்துகொண்டே இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.