ஜனவரி ஒன்றில் தொடங்கும் கை

மார்பில் அறுவை செய்துகொண்ட பெண்கள் வீட்டுக்குப் போனதும் கைப்பயிற்சியை விட்டுவிடுகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் வருத்தப்பட்டார். சிவகாசியில் அச்சகம் நடத்தும் சீனிவாசகத்துக்கும் அவர் மனைவி ஞானசுந்தரிக்கும் எந்த வருத்தத்துக்கும் ஒரே மருந்துதான் தெரியும்: தினசரி காலண்டர். 2006-க்கு ஆயிரம் அடித்தார்கள். தாளுக்கு ஒரு பயிற்சி. ஜனவரி ஒன்றாம் தேதி விரலை மடக்கி விரிக்க வேண்டும். மார்ச்சில் தண்ணீர் பாட்டிலோடு கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். மாவட்டத்து நோயாளிகள் அத்தனை பேரும் புத்தாண்டன்று அறுவை முடிந்து கண் விழிப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. வெளியீட்டு விழாவில் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

தாயில்பட்டி இருளம்மாளுக்கு அறுவை நடந்தது மார்ச்சில். ஃபயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையில் வெடித் தட்டுகளைத் தூக்கி வெயிலில் காயவைப்பது அவள் வேலை. கை பழையபடி எழுந்தால்தான் வேலை என்று போர்மேன் சங்கரபாண்டியன் சொல்லியிருந்தார். ராகு காலத்தை அன்றன்றைய தாளில் பார்த்துப் பழகியவள், ஆஸ்பத்திரியில் கொடுத்த காலண்டரில் பயிற்சியையும் அப்படியே பார்த்தாள். வீடு திரும்பிய மூன்றாம் நாள் பாட்டிலைத் தூக்கினாள். தையல் விட்டது. புண் ஆறிய பிறகும் கையை அசைக்கப் பயந்தாள். மே மாதம் வந்தும் கை தோளுக்கு மேல் ஏறவில்லை.

நாத்தனார் பாண்டிச்செல்விதான் அவளுக்குத் தலை சீவிவிட்டாள். மதுரை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். பயிற்சி சொல்லித்தரும் பெண் காலண்டரை வாங்கிப் புரட்டினாள். பிறகு, தேதியைப் பார்க்காமல் முதல் தாளிலிருந்து தொடங்கச் சொன்னாள். முதல் தாள்களெல்லாம் அடுப்புக்குப் போயிருந்தன.

பாண்டிச்செல்வி அச்சகத்துக்குப் போனாள். கிட்டங்கியில் எண்ணூறு காலண்டர்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

"ஜூன் மாசத்துல காலண்டர் கேட்டு வந்த ஆள இப்பத்தான் பாக்கேன்" என்று ஞானசுந்தரி சிரித்தார்.

"நோவு உங்க தேதி பாத்து வரலியேம்மா."

ஞானசுந்தரிக்கு விளங்கவில்லை. நாலு காலண்டராகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் பாண்டிச்செல்வி வந்து எதிரே நின்று தானும் கையைத் தூக்குவாள். பயிற்சி முடிந்தால்தான் தாளைக் கிழிக்கவிடுவாள். வலித்து நின்றுவிட்டால் தேதியும் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை ஒன்பது நாள் நீடித்தது.

"ஏத்தா, நம்ம வீட்டுக்குப் பொங்கல் எப்ப வரும்?" என்று இருளம்மாள் கணவன் இருளாண்டி தங்கையைக் கேட்டான்.

"மதினி கை தோளத் தாண்டட்டும். வரும்."

செப்டம்பரில் தீபாவளி ஆர்டர் குவிந்ததும் சங்கரபாண்டியனுக்கு இருளம்மாள் நினைவு வந்தது. வரவழைத்து, வெறும் தட்டு ஒன்றைத் தூக்கச் சொன்னார். தட்டு காதுவரை போய் நின்றது. சீசன் நெருங்கினால் அவருக்கு எந்த உயரமும் போதும்.

"போதும். நாளையிலயிருந்து லோடு தூக்கு" என்றார்.

இருளம்மாள் தட்டைக் கீழே வைத்தாள்.

"பாட்டில் தூக்குற தாளுக்கு இன்னும் இருவது தாள் கெடக்கு. அத முடிச்சிட்டு வாரேன்."

"அதுக்குள்ள சீசன் முடிஞ்சிருமே."

"பாதியில பாரம் தூக்குனா கை முடிஞ்சிரும். நீங்களா வந்து எனக்குத் தல சீவி விடுவீக?"

அவர் குனிந்து தட்டை எடுப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.