மாதா பீடத்துக்கு ஒரு மெஷின்

ஆஸ்டினுக்கு எந்த வேலையும் உருப்படியாக வராது என்பது கல்யாணமான முதல் மாதத்திலேயே ஆலிஸ் எடுத்த முடிவு. அதை மாற்றிக்கொள்ள அவர் இன்றுவரை ஒரு காரணமும் தரவில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் ஃபைல் தள்ளிக்கொண்டிருந்த மனிதர், ரிட்டயர் ஆனதும் கீபோர்டு வாசிக்கிறேன் என்றார். சாந்தோம் தெருநாய்களெல்லாம் கூடவே பாடின. அப்புறம் மொட்டைமாடியில் தக்காளி போட்டார். காயை அணில் தின்றது, இலையைப் பூச்சி தின்றது, திட்டை இவர் தின்றார். இப்போது மரவேலையாம். தாடிக்கார வெள்ளைக்காரன் எவனோ யூடியூப்பில் பலகையைத் தடவித் தடவிப் பேசினான் என்று, சுவரில் ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாத இவரும் தடவ ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பைத்தியத்தை வீட்டோடு வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் போய் வாயை விட்டார். அக்டோபர் பிறந்தால் ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் தினம் ஒரு வீடாகத் தெருவைச் சுற்றி வரும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அங்கே கூடி ஜெபம் சொல்லும். சுரூபத்தை வைக்கிற பழைய பீடம் கால் உடைந்து கிடந்தது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றாள் அதே அன்பியத்தைச் சேர்ந்த ஜொவிட்டா. அவள் எதைச் சொன்னாலும் மறுத்துச் சொல்வது அன்பியத் தலைவி ஆலிஸின் வழக்கம். ஆனால் ஆலிஸ் வாயைத் திறப்பதற்குள் ஆஸ்டின் எழுந்து, "நானே செஞ்சு தரேன்" என்றார். பங்குக் கோயிலில் பழைய பெஞ்சுகளைக் கழித்தபோது கேட்டு வாங்கிவந்த தேக்குப் பலகை இருக்கிறதாம். எல்லாரும் கைதட்டினார்கள். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்ற ஆலிஸின் மானம் அந்தப் பலகையில் போய் மாட்டிக்கொண்டது.

பலகையோ முறுக்கிக் கிடந்தது. தரையில் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. கையால் இழைப்பது இவருக்கு ஆகிற காரியமா? மெஷின் வேண்டும் என்றார்.

ஆலிஸுக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். கொஞ்ச காலமாகக் காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது அவருடைய வலது கை நடுங்குகிறது. அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கப் பழகியிருந்தார். அவள் பார்க்காததுபோலப் பேப்பரைப் புரட்டப் பழகியிருந்தாள். வாய்விட்டுக் கேட்டால் டாக்டரிடம் போக வேண்டும், டாக்டர் ஒரு வியாதியின் பெயரைச் சொல்வார். அந்தப் பெயரைக் காதால் கேட்க அவளுக்குத் தைரியமில்லை. திட்டத்தான் தைரியம் இருந்தது.

சைதாப்பேட்டையில் ஒரு மெஷின் கடைக்குப் போனார்கள். ஹம்மாத் என்கிற விற்பனையாளர் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"சார், இது ஜாயின்டர். கோணலா கீற பலகைய இதும்மேல வெச்சு தள்ளிக்கினே போனா ஒரு பக்கம் நேராவும். அது திக்னஸ் பிளேனர். நேரான பக்கத்த கீழ வெச்சு உள்ள வுட்டா, மேல் பக்கத்த ஒரே கனமா சீவிக் குடுத்துடும். மொத இது, அப்பால அது."

"வீடியோலயும் அதேதான் சொல்றாங்க" என்றார் ஆஸ்டின், பரீட்சையில் பாஸான பையன் முகத்தோடு.

ஆலிஸ் ஜாயின்டரைப் பார்த்தாள். நீளமான இரும்பு மேசை. நடுவே ஒரு பிளவு, அதற்குள் கத்தி உருளை. பலகையைத் தள்ளத் தள்ளக் கத்தியை மறைக்கிற மூடி விலகிக்கொடுக்கும், கத்திக்கு மேலேயே கை போகும். அடுத்ததைப் பார்த்தாள். அது பெட்டி. கத்தியெல்லாம் உள்ளே. இந்தப் பக்கம் பலகையை நுழைத்தால் அந்தப் பக்கம் வெளியே வரும். அவள் அங்கேயே தீர்மானித்துவிட்டாள்.

"ஒரு பலகையச் சீவ ரெண்டு மெஷினா? இவர் பென்சில் சீவினாலே முனை நிக்காது. அந்தப் பெட்டி மட்டும் போதும்."

"மேடம், கோணல உள்ள வுட்டா கோணலாத்தான் வெளிய வரும். உள்ள ரோலர் அமுக்கிப் பிடிக்கறப்ப நேரா இருக்கும், வெளிய வந்தா பழையபடி முறுக்கிக்கும்."

"ஆலிஸ், ஒண்ணுதான்னா ஜாயின்டர் எடுத்துக்கறேனே" என்றார் ஆஸ்டின். "மேல்பக்கம் நேரானாப் போதும். அடியில யாரு பாக்கப்போறா?"

"நீங்க பேசாதீங்க. கீபோர்டு வாங்கறப்பவும் இப்படித்தான் பேசினீங்க." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆஸ்டின் தலையைக் குனிந்துகொண்டார். ஹம்மாத் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. பீடம் கோணினால் கோணட்டும், விரல் மிஞ்ச வேண்டும். அதை நேராகச் சொல்லாமல் புருஷனை நாலு பேர் முன்னால் முட்டாளாக்கிக் கூட்டி வந்தாள்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. பலகை திரும்பத் திரும்ப உள்ளே போய் வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் வழவழப்பு கூடியது, கனம் குறைந்தது, முறுக்கு மட்டும் அப்படியே இருந்தது. கெடு நெருங்கிவிட்டதால் அதையே கால்களின் மேல் பொருத்தினார்.

முதல் நாள் ஜெபம் அவர்கள் வீட்டிலேயே நடந்தது. மாதா சுரூபத்தை ஏற்றி வைத்ததும் அது ஒரு பக்கம் சாய்ந்தது. சரிசெய்தால் மறுபக்கம் சாய்ந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஜொவிட்டா எழுந்து போய், கோயிலில் கொடுத்த பங்கு மடலை மடித்துச் சுரூபத்தின் அடியில் செருகினாள்.

"ஆஸ்டின் அண்ணன் நல்லா வழவழன்னுதான் செஞ்சிருக்காரு" என்றாள். "மாதாவுக்குத்தான் நிக்க எடமில்ல."

ஆலிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜெபம் முடிந்து, கேசரியைச் சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் கலையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆளும் போனபின் ஆஸ்டின் சொன்னார்: "நாளைக்கு அந்த ஜாயின்டரையும் வாங்கிடறேன். மேல்பலகைய மட்டும் கழட்டி நேராக்கிட்டா சரியாயிடும்."

"இன்னிக்குப் பட்ட அசிங்கம் பத்தலையா? பேசாம டிவி பாருங்க. அது ஒண்ணுதான் உங்களுக்கு ஒழுங்கா வரும்."

"நீ என்ன சொன்னாலும் வாங்கத்தான் போறேன்." இந்தத் தடவை அவர் தலையைக் குனியவில்லை.

ஆலிஸ் இன்னும் நாலு வார்த்தை திட்டினாள். சோம்பேறி என்றாள், வீம்பு என்றாள், ஊர் சிரிக்கிறது என்றாள். அவர் கேட்டுக்கொண்டே சட்டைப்பையிலிருந்து கடைக்காரருடைய கார்டை எடுத்தார். கார்டு அவர் விரல்களில் படபடத்தது.

"வேண்டாங்க" என்றாள். "உங்க கை நடுங்குது. அந்த மெஷின்ல கத்தி தொறந்து கெடக்குது."

ஆஸ்டின் கார்டை மேசைமேல் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை இடது கைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஈஸ்டருக்கு முன்னாலருந்து."

"அப்ப கடையில?"

"தெரியும்."

அவர் மேசைமேல் கிடந்த கார்டைப் பார்த்தார். "கடையில அத்தனை பேர் முன்னாடி நீ திட்டினப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு ஆலிஸ். இவளுக்கு இன்னும் தெரியல, தெரிஞ்சா இப்படித் திட்டுவாளான்னு நெனச்சுக்கிட்டேன். நீ திட்டற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்லன்னு இருந்தேன்."

ஆலிஸ் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திட்டேன்" என்றார் அவர். "எப்பவும்போல ஏதாவது சொல்லு."

"ஒரு பலகையக்கூட ஒழுங்கா…" என்று ஆரம்பித்தாள். பாதியில் விட்டுவிட்டு, பிடித்திருந்த நாற்காலியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.